கடையைப் படித்த பிறகே தீம்

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இணையதளம் வடிவமைக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். கல்லூரியில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் பிஎச்பி படித்திருந்தேன். அலுவலகத்தை நடத்தும் அக்கா வேர்ட்பிரஸில் பழுத்தவர். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் சிறு தொழில் நடத்துகிறவர்கள்: கிரைண்டர் பட்டறை, மரச்செக்கு எண்ணெய்க் கடை, ஆடிட்டர் அலுவலகம், மலைமேல் தங்கும் விடுதி, புடவைக் கடை. அவர்களுக்கென்று ஒரு வடிவத்தை முதலிலிருந்து எழுதி வாங்க நேரமும் இருக்காது, பணமும் இருக்காது. ஆகவே ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கடைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பதே எங்கள் வேலை. தளம் பிற்பாடு உழைக்குமா, சும்மா கிடக்குமா என்பது பெரும்பாலும் அந்தத் தேர்விலேயே முடிவாகிவிடுகிறது.

வேர்ட்பிரஸில் தீம் என்பது தளத்தின் தோற்றத்தையும் அடுக்கையும் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு. கடைக்காரர் ஏற்றும் விவரங்களும் விலைகளும் தரவுத்தளத்தில் தனியே இருக்கும். அவை எந்த இடத்தில், எந்த எழுத்துருவில், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீம் சொல்லும். 2005 பிப்ரவரியில் வெளிவந்த 1.5 பதிப்பில்தான் இந்த ஏற்பாடு வந்தது. இன்று வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தொகுப்பிலேயே ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் இருக்கின்றன. விலைக்கு விற்கும் சந்தைகளில் இன்னும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் திணறிப்போவது இந்தப் பெருக்கத்தில்தான். அழகான தீம் எது என்று தேடினால் முடிவே வராது, ஏனென்றால் எல்லாமே அழகாக இருக்கும். பொருந்துகிற தீம் எது என்று தேடினால் பட்டியல் மளமளவென்று சுருங்கும். அப்படித் தேட அக்கா எனக்குப் பழக்கிய முறையை இங்கே எழுதுகிறேன்.

கேள்விகளின் நோட்டு

எனக்குக் கொடுத்த முதல் வேலை ஆவாரம்பாளையத்தில் ஒரு கிரைண்டர் பட்டறைக்கான தளம். "தம்பி, லேப்டாப் பையிலயே இருக்கட்டும். நோட்டு மட்டும் எடுத்துக்க" என்று சொல்லி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பட்டறைக்கு முன்னால் ஒரு சின்ன விற்பனைக் கூடம். அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

உரிமையாளருக்கு இது விளங்கவில்லை. "கடையில பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க அம்மணி? நல்ல டிசைனா ஒன்னு போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார்.

"வர்றவங்க மொதல்ல என்ன கேக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க எத முன்னால வெக்கறதுன்னு தெரியும்" என்றார் அக்கா.

கேள்விகள் வந்தபடியே இருந்தன. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் போதுமா, இரண்டு லிட்டர் வேண்டுமா? மாவை அப்படியே சாய்த்து ஊற்றுகிற மாடல் இருக்கிறதா? பழைய மிஷினுக்கு பெல்ட் கிடைக்குமா? மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி? மெஸ்ஸுக்கு வாங்கினால் எது தாங்கும்? அமெரிக்காவில் இருக்கிற மகளுக்கு வாங்கி அனுப்பினால் அங்கே ஓடுமா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புதிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே ஓடுகிற மோட்டார் அங்கே சரியாக ஓடாது. அதற்கென்றே தனி மாடல் செய்து தருகிறார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை உரிமையாளர் பெருமையோடு சொன்னார். அது நியாயமான பெருமை. ஆனால் நான் அங்கே இருந்தவரை அதைக் கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை.

மாலையில் அக்கா அந்த நோட்டை வாங்கி, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது தளத்துக்கு என்ன வேண்டும் என்பது தானாகவே தெரிந்தது. மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற அட்டவணை ஒன்று. உதிரிபாகங்களின் பட்டியலும் அதில் தேடும் வசதியும். வெளிநாட்டு மின்சாரத்துக்கென்று ஒரு பக்கம். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கண்ணில் படும் சர்வீஸ் எண். திரை முழுக்க நிறையும் பெரிய படமோ, பத்திரிகை போலக் கட்டுரைகளை அடுக்கும் அமைப்போ இந்தக் கடைக்குத் தேவையில்லை. ஒரு தீமைக்கூடத் திறந்து பார்க்காமலே, பார்க்க வேண்டாத தீம்கள் எவை என்று தெரிந்துவிட்டது.

சரக்கு கைக்கு வரட்டும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடையின் உண்மையான சரக்கு கைக்கு வரும்வரை தீம் பார்க்கக் கூடாது. சரக்கு என்றால் கடையின் பெயர் இரு மொழிகளில், விலைப்பட்டியல், படங்கள், முகவரி, வேலை நேரம், சர்வீஸ் விவரம் எல்லாம். எல்லாம் ஒரு கோப்புறையில் சேர்ந்த பிறகுதான் தேடல் தொடங்கும்.

தீம் விற்கிறவர்கள் காட்டும் டெமோவில் எல்லாமே பொருந்தியிருக்கும். தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படங்கள்; ஒரே நீளத்தில் வெட்டி வைத்த மூன்று பெட்டிகள்; இரண்டு சொல்லில் முடியும் தலைப்புகள். அதைப் பார்க்கிற கடைக்காரர் தன் கடையை அங்கே பார்ப்பதில்லை, அந்தப் படங்களைத்தான் பார்க்கிறார். நிஜத்தில் ஒரு மாடலின் பெயர் குட்டையாக இருக்கும், அடுத்தது இரண்டு வரிக்கு நீளும். ஒன்றுக்கு நாலு படம் இருக்கும், ஒன்றுக்குப் படமே இருக்காது. பட்டறைக்காரர் கைபேசியில் எடுத்த படங்களில் எஃகு டிரம்மின் மேல் டியூப்லைட் வெளிச்சம் பளீரென்று விழுந்திருந்தது. அவற்றைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கினால் எந்தத் தீமிலும் நன்றாக இருக்காது. சின்னக் கட்டங்களில் வெள்ளைப் பின்னணியில் வைத்தால் நன்றாகவே இருந்தன. கையில் இருக்கும் படம் எந்த அளவைத் தாங்கும் என்பதும் தீமைத் தீர்மானிக்கும் விஷயம்.

வேர்ட்பிரஸ் திட்டமே தீம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சோதனைத் தரவுக் கோப்பு கொடுக்கிறது. மிக நீண்ட தலைப்பு, தலைப்பே இல்லாத பதிவு, பல அளவுகளில் படங்கள், அட்டவணை, பல அடுக்கு மெனு என்று தீமைத் தடுக்கி விழவைக்கும் எல்லாம் அதில் இருக்கும். அக்கா அதை மாதிரியாக வைத்துத் தமிழில் ஒன்று செய்து வைத்திருக்கிறார். பட்டியலில் மிஞ்சும் தீம் ஒவ்வொன்றையும் சோதனைத் தளத்தில் நிறுவி, முதலில் அந்தக் கோப்பை ஏற்றுவோம், பிறகு கடையின் சரக்கை ஏற்றுவோம். டெமோவின் படங்களை ஏற்றவே மாட்டோம். அந்த அலங்காரம் போன பிறகும் எது நிமிர்ந்து நிற்கிறதோ அதுதான் அடுத்த சுற்றுக்குப் போகும்.

தமிழைத் தாங்கும் தீம்

பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழில் தளம் வைக்கிறவர் இதைத் தனியாகச் சோதிக்காமல் விட்டால் பிறகு அவதிப்படுவார். நான் அதிக நேரம் செலவழித்துக் கற்றது இந்தப் பகுதியைத்தான்.

முதலில் எழுத்துரு. தீமோடு வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், கருவி தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது நிர்மலா யுஐ ஆக இருக்கும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழாக இருக்கும். ஒரே பக்கம் இரண்டு கருவிகளில் இரண்டு மாதிரித் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தோடு அளவும் தடிமனும் ஒத்துப்போகாது. ஆகவே எழுத்துருவை எளிதாக மாற்ற விடுகிற தீமா என்று பார்க்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. கடைப் பலகை போலத் தடித்த தலைப்பு வேண்டுமென்றால் பாலூ தம்பி இருக்கிறது.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளுக்கு வரிகளை நெருக்கி வைப்பது வழக்கம். தமிழில் மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் சுழியும் எழும்பும். கீழே கூ, தூ, மூ இறங்கும். நெருக்கி வைத்த இரண்டு வரித் தலைப்பில் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். சில தீம்களில் பொத்தானின் உயரத்தை இறுக்கி வைத்திருப்பார்கள், அதில் தமிழ் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படும். நாங்கள் தமிழ்த் தளங்களில் உடல் எழுத்துக்கு எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் வைக்கிறோம்.

மூன்றாவது, ஆங்கிலத்துக்கே உரிய அலங்காரங்கள். பல தீம்களில் மெனுவையும் சிறு தலைப்புகளையும் பெரிய எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளுக்கு இடையில் இடம் விட்டு, அந்த வித்தியாசத்தாலேயே தலைப்பு என்று காட்டுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. ஆகவே அந்த வித்தியாசம் காணாமல் போகும், இடைவெளி மட்டும் மிஞ்சி, சொல் சிதறிக் கிடக்கும். சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்ந்த வடிவம் தனியாக இல்லாததால் உலாவி நேர் எழுத்தையே இழுத்துச் சாய்க்கும், படிக்கச் சிரமமாக இருக்கும். அளவு, தடிமன், நிறம் ஆகிய மூன்றால் மட்டுமே தலைப்பையும் உடலையும் பிரித்துக்காட்டும் தீம்தான் தமிழுக்கு ஒத்துவரும்.

கடைசியாக மெனுவின் நீளம். தயாரிப்புகள், உதிரிபாகங்கள், பழுதுபார்ப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. கடையின் பெயரும் சேர்ந்தால் இவை ஐந்தும் சாதாரண லேப்டாப் திரையில் ஒரே வரியில் அடங்குவது கஷ்டம். மெனு இரண்டாம் வரிக்கு மடங்கினால் சில தீம்கள் குலைந்துபோகும், சில அழகாக ஏற்றுக்கொள்ளும். டெமோவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, தமிழ் மெனுவை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

கைபேசியும் வேகமும்

ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை ஈத்தன் மார்கோட் 2010 மே மாதம் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இன்று எல்லாத் தீமும் அந்தத் திறன் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறது. சொல்வதை நம்பாமல் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் இதற்கென்றே விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்று வைத்திருக்கிறோம். வெயிலில் நின்று, ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் மெனுவைத் திறக்கிறேன். விலை தெரிகிறதா? அழைக்கும் பொத்தான் எட்டுகிறதா? நம் ஊரில் வாட்ஸாப் பொத்தான் இல்லாத கடைத் தளமே அபூர்வம். திரையின் வலது கீழ் மூலையில் அது மிதக்கும். சில தீம்கள் பக்கத்தின் உச்சிக்குப் போகும் பொத்தானையும் அதே மூலையில் வைத்திருக்கும், ஒன்றன் மேல் ஒன்று விழும். அகலமான ஒப்பீட்டு அட்டவணை கைபேசியில் பக்கவாட்டில் நகர்கிறதா, அல்லது பக்கத்தையே உடைக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரியும்.

எழுத்தின் நிறத்தையும் வெயிலிலேயே பார்த்துவிடுவோம். வெளிர் சாம்பல் நிற எழுத்து டெமோவில் நாகரிகமாகத் தெரியும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 மாறுபாடு கேட்கின்றன. வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல் 2.85:1 மட்டுமே தரும். #767676 வந்தால்தான் அந்த எல்லையைத் தாண்டும். கிரைண்டர் வாங்க வருகிறவர்களில் வயதானவர்கள் நிறைய. கண்ணாடியைத் தேடாமல் அவர்களால் விலையைப் படிக்க முடிய வேண்டும்.

வேகத்துக்கு கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவி இருக்கிறது. மூன்று அளவைகளைப் பார்க்கிறோம். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். இந்த அளவை 2024 மார்ச்சில் பழைய ஒன்றுக்குப் பதிலாக வந்தது. ஏறிக்கொண்டிருக்கும் பக்கம் துள்ளித் துள்ளி நகரும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. தீம் விற்கிறவர்களின் டெமோவையே இந்தக் கருவியில் முதலில் போட்டுப் பார்க்கலாம். நல்ல சர்வரில் வைத்திருக்கும் அவர்களுடைய டெமோவே திணறினால், நம் கடைக்காரர் வாங்கும் சாதாரண ஹோஸ்டிங்கில் அது என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில்தான் உரிமையாளர் ஓர் ஆசையைச் சொன்னார். "பக்கத்துக் கம்பெனித் தளத்துல படம் மாறி மாறி ஓடுதுங்க அம்மணி. நமக்கும் அப்படியே வேணுங்க." அக்கா மறுக்கவில்லை. படம் ஓடுகிற தீமிலும் எங்கள் தேர்விலும் அதே சரக்கை ஏற்றி, இரண்டையும் அவருடைய கைபேசியிலேயே திறந்து கொடுத்தார். "ரெண்டுலயும் பழைய டில்டிங் மாடலோட பெல்ட் வெலயக் கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றார். ஓடும் படங்கள் ஏறி முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது, பிறகு கீழே கீழே தள்ளித் தேட வேண்டியிருந்தது. மற்றதில் தேடும் பெட்டி மேலேயே இருந்தது. "இதே இருக்கட்டுங்க. பெல்ட் கேக்கறவருக்கு அவசரமுங்க" என்றார். கடைக்காரரோடு வாதாட வேண்டியதில்லை, அவருடைய வாடிக்கையாளரின் வேலையை அவர் கையாலேயே செய்ய வைத்தால் போதும் என்பது அன்று நான் கற்ற பாடம்.

உள்ளே என்ன இருக்கிறது

கண்ணுக்குத் தெரியும் சோதனைகள் முடிந்த பிறகு தெரியாதவை வரும். முதலில் பார்ப்பது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது. 2011-இல் டிம்தம்ப் என்ற சின்ன நிரல் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்தது. படங்களின் அளவை மாற்றுவதற்காக ஏராளமான தீம்கள் அதை உள்ளே சேர்த்து வைத்திருந்தன. அதிலிருந்த ஓட்டை வழியாக வெளியாட்கள் சர்வரில் தங்கள் நிரலை ஏற்ற முடிந்தது. பராமரிப்பில் இருந்த தீம்கள் திருத்தப்பட்டன. கைவிடப்பட்ட தீம்களை வைத்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் தளத்தில் அப்படி ஒரு நிரல் இருப்பதே தெரியாது. பல மாதமாகத் தொடப்படாத தீமை அக்கா பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இதனால்தான்.

அடுத்தது, தீம் தன் வேலையோடு நிற்கிறதா என்பது. சில தீம்கள் தயாரிப்புப் பட்டியல், வாடிக்கையாளர் கருத்து, விசாரணைப் படிவம் எல்லாவற்றையும் தமக்குள்ளேயே வைத்திருக்கும். வாங்கும்போது லாபமாகத் தோன்றும். சில வருடங்களில் வேறு தீமுக்கு மாறும்போது அந்தப் பகுதிகள் தளத்திலிருந்து மறைந்துவிடும், அல்லது பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் புரியாத குறியீடுகள் மிஞ்சும். தோற்றம் தீமில், செயல்பாடு பிளகின் என்ற கூடுதல் நிரலில் என்பது வேர்ட்பிரஸ் உலகின் நல்ல விதி. அதிகாரபூர்வத் தொகுப்பில் சேரும் தீம்களுக்கு அது கட்டாயம். பட்டறைக்காரரின் உதிரிபாகப் பட்டியலை நாங்கள் தனி பிளகினில்தான் வைத்தோம். தீம் நாளை மாறினாலும் பட்டியல் இருக்கும்.

மூன்றாவது, எங்கிருந்து வாங்குகிறோம் என்பது. விலையுள்ள தீம்களைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் தளங்கள் உண்டு. அப்படிப் பரவும் கோப்புகளில் தீங்கு செய்யும் நிரலை ஒளித்து வைப்பார்கள். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பெரிதும் பரவியது இந்த வழியில்தான். அதிகாரபூர்வத் தொகுப்பு இலவசமாகவே இருக்கும்போது எந்தக் கடைக்காரரும் இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து வாங்கினால் அந்தக் கணக்கும் உரிமமும் கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் பெயரில் இருந்தால், அவர் தொழிலை விட்டுப்போகும் நாளில் புதுப்பித்தலும் நின்றுபோகும்.

கடைசிச் சோதனையை ஒரு மனிதரை வைத்துத்தான் செய்தோம். பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் உரிமையாளரின் மருமகள், தளத்தையும் அவர்தான் கவனிக்கப்போகிறார். விலையை மாற்றுவது, புதிய உதிரிபாகம் ஒன்றைச் சேர்ப்பது, பொங்கல் விடுமுறை அறிவிப்புப் போடுவது ஆகிய மூன்று வேலைகளை அவருக்குச் செய்து காட்டிவிட்டு, அவரையே செய்யச் சொன்னோம். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பு முதல் தலைப்பகுதி, அடிப்பகுதி எல்லாவற்றையும் பிளாக் எனப்படும் துண்டுகளாகவே திருத்தும் தீம்கள் வந்திருக்கின்றன. அது சிலருக்குச் சுலபம், சிலருக்குத் தவறிக் கைபட்டு மொத்த அமைப்பும் மாறிவிடுமோ என்ற பயம். அந்த மருமகளுக்கு அது சுலபமாகவே வந்தது. அவர் தடுமாறியிருந்தால் மற்ற எல்லாத் தேர்விலும் வென்ற தீமாக இருந்தாலும் நாங்கள் மாற்றியிருப்போம்.

கடைக்குக் கடை வேறு

இதே முறையில் பிறகு வந்த கடைகளைப் பார்த்தபோது ஒவ்வொன்றும் வேறு வேறு தீமைக் கேட்டது. சுங்குடிப் புடவை விற்கிறவருக்குப் படம்தான் சரக்கு. பட்டியலில் படங்களைச் சதுரமாக வெட்டும் தீம் முந்தியையும் கரையையும் வெட்டிவிடும். ஆகவே நீள வாட்டில் படம் காட்டுகிற, பெரிதாக்கிப் பார்க்க விடுகிற, புடவையின் நிறத்தோடு போட்டியிடாத வெள்ளைப் பின்னணித் தீம் தேவைப்பட்டது. ஆடிட்டருக்குப் படமே வேண்டாம், தெளிவான எழுத்தும் அலுவலக நேரமும் என்னென்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலும் போதும். வால்பாறை விடுதிக்காரருக்கு அறையும் மலையும் தெரியும் பெரிய படங்கள் வேண்டும். ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று வழி பார்ப்பார். அவருக்காக முகவரிப் பக்கம் படம் எதுவும் இல்லாமல் லேசாக இருக்க வேண்டும். செக்கு எண்ணெய்க் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே எண்ணெயை வாங்குகிறவர்கள். அரை லிட்டர், 1 லிட்டர், 5 லிட்டர் என்று அளவைத் தொட்டவுடன் வாட்ஸாப்பில் ஆர்டர் போகும் வழி இருந்தால் அவர்களுக்கு நிறைவு.

இத்தனை சோதனைக்குப் பிறகு ஜெயிப்பது பல சமயம் மிக எளிய தீமாகவே இருக்கிறது. 2010-இல் ட்வென்டி டென் வந்ததிலிருந்து வேர்ட்பிரஸ் தானே ஒரு தீமை அநேகமாக ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. 2024 நவம்பரில் 6.7 பதிப்போடு ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் வந்தது. லேசானவை, நன்றாகப் பராமரிக்கப்படுபவை, காசு கேட்காதவை. நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டால் சிறு கடைகளில் பலவற்றுக்கு அவையே போதும். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் இருக்கிற நிறத்தைத் தளத்துக்கும் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் இது அந்தக் கடைதான் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

தொழில் கற்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, டெமோ பார்ப்பதில் செலவாகும் நேரத்தைக் கடையில் செலவிடுங்கள். நிரல் எழுதும் திறமையை எங்கும் வளர்த்துக்கொள்ளலாம். ஒரு தொழிலை அதன் வாடிக்கையாளரின் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் பெற முடியும்.

தளம் வைக்க நினைக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடிவமைப்பாளரை அழைப்பதற்கு முன் ஒரு வாரம் கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்களும் அழைக்கிறவர்களும் கேட்பதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் தளத்தைக் கவனிக்கப்போவது யார் என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். வடிவமைப்பாளர் தீம்களைக் காட்டத் தொடங்கியதும் அந்த நோட்டைத் திறந்து, முதல் கேள்விக்கு இந்தத் தீமில் பதில் எங்கே வரும் என்று கேளுங்கள். உங்கள் கைபேசியில், உங்கள் படங்களோடு, தமிழில் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் காட்டத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.